ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

காட்டேரிப் பூங்காவில்
பெரியவர்களுக்கு முப்பது, சிறியவர்களுக்குப் பதினைந்து.
சுவரில் கீறிய கோட்டுக்குக் கீழே இருந்தால் இலவசம்.
டிக்கெட் கொடுப்பவர் நிரோஜனை
அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கச் சொன்னார்.
முட்டியை லேசாக மடக்கி, கழுத்தை உள்ளே இழுத்து
மூச்சையும் அடக்கிக்கொண்டான் என் பிள்ளை.
பதினைந்து ரூபாய் மிச்சம்.
அதற்கு அப்போதே மாங்காய் கேட்டான்.

ஆறு வருடமாக
இந்த ஆற்றுக்கு மேலே, பாலாடாவில்தான் இருக்கிறோம்.
இறங்கி வந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சால்வியா, செண்டுமல்லி, பெயர் தெரியாத ஓர் ஊதா.
நாத்தனார் யோகராணி பாத்தி பாத்தியாக நின்று
பூவை விட்டுவிட்டுத் தூரைப் பார்க்கிறாள்.
"இன்னைக்குமா?" என்றேன்.
அதற்குள் ஒரு களையைப் பிடுங்கியிருந்தாள்.
எங்கே போடுவதென்று தெரியாமல்
கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புல்லில் துண்டை விரித்ததும்
சந்திரபோஸ் தூங்கிப்போனார்.
இரண்டு மணிக்கு பிக்கப் ஏறுகிற உடம்பு,
நெற்றியில் டார்ச் கட்டி கேரட் பிடுங்குகிற உடம்பு.
வெயிலைக் கண்டால் அதற்கு ராத்திரி.
'இங்கே படுக்கக் கூடாது' என்ற பலகையின் நிழல்
சரியாக அவர் முகத்தில் விழுந்து
கண் கூசாமல் பார்த்துக்கொண்டது.

வாட்ச்மேன் தடியால் தரையைத் தட்டியதும்
பதறி எழுந்து
"லோடு வந்தாச்சா?" என்று கேட்டார்.
பக்கத்துத் துண்டில் இருந்த குடும்பமே சிரித்தது.
நானும் சிரித்தேன்.
பிறகு டிபன் பாக்ஸைத் திறக்கும் சாக்கில்
குனிந்துகொண்டேன்.

எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு.
கேரட் வேண்டாமென்று
நேற்றே சொல்லிவிட்டார்கள் பிள்ளைகள்.

கீழே ஆறு.
கோயம்புத்தூர் காரில் வந்த ஓர் அம்மா
கையில் அள்ளி அள்ளி விட்டு,
"கண்ணாடி மாதிரி இருக்குங்க,
மலைத் தண்ணின்னா மலைத் தண்ணிதான்" என்றார்.
பக்கத்தில் நான்தான் நின்றேன்.
ஆமாங்க என்றேன்.

நேற்று இதே நேரம்
இந்தத் தண்ணீர்
செங்கல்லை அரைத்துக் கலக்கியதுபோல் வந்திருக்கும்.
எனக்குத் தெரியும்.
உருளுகிற மெஷினில் மூட்டை மூட்டையாய்க் கொட்டி
சேற்றில் முழங்கால் புதைய நின்று
அனுப்பிவைத்ததே நான்.

துஷ்யந்தி ஏழாவது படிக்கிறாள்.
தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"அம்மா, நம்ம வீட்டுக்குப் பின்னாடி போறதும்
இதே ஆறுதானே?"
இதேதான்.
"இங்க மட்டும் எப்படி இவ்வளவு சுத்தம்?"
அந்த அம்மா இன்னும் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்.
"இங்க மட்டும் இல்ல. இன்னைக்கு மட்டும்."
"இன்னைக்கு ஏன்?"
"நாம இங்க வந்துட்டோம்ல."

அவள் சிரிக்கவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் வரை இறங்கினாள்.
நானும் இறங்கினேன்.
எத்தனை தேய்த்தும் போகாத
என் குதிகால் வெடிப்பிலிருந்து
ஒரு சிவப்பு நூல் பிரிந்து
பாறையைச் சுற்றிக்கொண்டு போனது.
சட்டென்று காலை மாற்றி வைத்து மறைத்தேன்.
யாரிடமிருந்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஐந்து மணிக்கு விசில் ஊதினார்கள்.
வெளியே வரும்போது நிரோஜன் மறந்துபோய்
அந்தக் கோட்டருகே நிமிர்ந்து நின்றான்.
இரண்டு விரற்கடை அதிகம்.
டிக்கெட்காரர் பார்த்தார்,
சில்லறையை எண்ணப் போய்விட்டார்.

பஸ்ஸில் ஏறியதும் சந்திரபோஸ்
அலாரத்தை ஒன்றரைக்கு வைத்தார்.
யோகராணியின் பைக்குள்
அந்தக் களை இன்னும் வாடவில்லை.
வளைவில் ஜன்னலோரம் எட்டிப் பார்த்தாள் துஷ்யந்தி.
இருட்டில் ஆறு தெரியவில்லை.
சத்தம் மட்டும்
எங்களுக்கு எதிர்ப்பக்கமாய்ப் போய்க்கொண்டிருந்தது.